நட்டு கெடுவது எதனால்? வீட்டில் பைக் பராமரிக்க நல்ல கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழே பார்க்கிங்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரை விட பைக்கும் ஸ்கூட்டரும்தான் அதிகம். பெருநகரில் இருந்துகொண்டு காஞ்சிபுரம் போகவேண்டும், உத்திரமேரூர் போகவேண்டும், ஷிப்டுக்கு ஒரகடம் பக்கம் போகவேண்டும் என்றால் நமக்கு வண்டிதான் கால். இரவு பதினொரு மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு வழியில் செயின் கழன்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

நம் மாவட்டத்திலேயே பைக் தயாராகிறது. 1950-களில் சென்னை திருவொற்றியூரில் புல்லட் கட்டத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் ஆலை திறந்தது. வல்லம் வடகாலில் யமஹா ஆலை 2015-ல் வந்தது. அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முக்கியமான ஒவ்வொரு போல்ட்டையும் இவ்வளவு விசையில்தான் முறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தக் கருவியையும் அவ்வப்போது சோதிப்பார்கள். அதே போல்ட்டை நாம் வீட்டில் எதைக் கொண்டு திருப்புகிறோம்? பரணில் கிடந்த கட்டிங் பிளேயர், தேய்ந்துபோன ஸ்க்ரூ ஸ்பேனர்!

கெடுவது கருவி இல்லை, வண்டி

மட்டமான ஸ்பேனர் வாங்கினால் நூறு, இருநூறு ரூபாய் மிச்சம் என்று நினைக்கிறோம். ஸ்பேனர் உடைந்தால் அந்த இருநூறோடு போகும். ஆனால் பெரும்பாலும் அது உடைவதில்லை. அழுத்தம் கொடுத்ததும் அதன் வாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். விரிந்த வாய் நட்டின் ஆறு மூலைகளில் இரண்டை மட்டும் பிடித்து உருட்டும். மூலை மழுங்கிவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல ஸ்பேனர் போட்டாலும் வழுக்கும். அடுத்து உளி, வெல்டிங் என்று பட்டறைக்குப் போகவேண்டியதுதான். என்ஜின் உறை அலுமினியம் என்பதால் அதில் மரை போய்விட்டால் செலவு இன்னும் ஏறும். எனவே கருவி வாங்கும்போது விலையோடு சேர்த்து ஒரு கேள்வியும் கேளுங்கள்: "இது என் வண்டியின் நட்டைக் காப்பாற்றுமா?"

முதலில் வண்டியைப் பாருங்கள், பிறகு கடையைப் பாருங்கள்

நூறு உருப்படி கொண்ட பெட்டியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதில் பாதி நம் வண்டிக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கருவிப் பையையும் திறந்து பாருங்கள். அந்தப் பை வழியில் நின்றுபோனால் சமாளிக்கக் கொடுத்தது. மாதா மாதம் வேலை செய்ய அது போதாது. ஆனால் எந்தெந்த அளவு தேவை என்பதை அதுவே சொல்லிவிடும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளுக்கு 8, 10, 12, 14, 17 மி.மீ. அளவுகளில் அன்றாட வேலை முடிந்துவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு 16, 18, 21 மி.மீ. போன்ற அளவுகள் உண்டு. உங்கள் பிளக் எது என்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.

மிகப் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் பல போல்ட்டுகள் இங்கிலாந்து அங்குலக் கணக்கில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் மூலையை மழுக்குகிறது.

எதை வாங்குவது?

ஸ்பேனரில் முதலில் ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். அது நட்டைச் சுற்றிலும் பிடிக்கிறது. வாய் விரிய வழியில்லை. திறந்த வாய் ஸ்பேனர், ரிங் நுழையாத இடத்துக்கும், தளர்ந்த நட்டை வேகமாகக் கழற்றுவதற்கும் மட்டும் போதும். ஒரு முனை ரிங், மறு முனை திறந்த வாய் என்று ஒரே அளவில் வரும் காம்பினேஷன் ஸ்பேனர் வீட்டுக்கு மிகவும் வசதி. சாக்கெட் வாங்கினால் உள்ளே ஆறு மூலை உள்ளதைக் கேளுங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் இடுக்கில் மாட்டச் சுலபம்தான். ஆனால் துருப்பிடித்த, கொஞ்சம் தேய்ந்த நட்டுக்கு ஆறு மூலைதான் பாதுகாப்பு.

திருப்புளி விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 'நட்சத்திர' தலை என்று நாம் சொல்லும் கூட்டல் குறித் திருகு எல்லாம் ஒன்று இல்லை. 1930-களில் அமெரிக்காவில் பரவிய பிலிப்ஸ் வகை ஒன்று. ஜப்பானியத் தர அளவில் செய்தது இன்னொன்று. 1980-களின் நடுவில் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி வந்தது. ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 எல்லாம் வந்தன. அவற்றோடு ஜப்பானியத் திருகும் நம் ஊருக்கு வந்தது. திருகின் தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அது ஜப்பானிய வகை. சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளி அதன் அடிவரை இறங்காமல் மேலே ஏறி வழுக்கும், தலை மொக்கையாகிவிடும். ஜப்பானிய அளவுத் திருப்புளி இப்போது இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. 2-ம் எண் ஒன்றும், பெரிய திருகுகளுக்கு 3-ம் எண் ஒன்றும் வைத்துக்கொண்டால் போதும். பல வருடம் கழற்றாத திருகு இறுகிக் கிடந்தால், சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. திருப்புளியோடு மல்லுக்கட்டாமல் அதைப் பயன்படுத்துங்கள்.

கட்டிங் பிளேயர் கம்பி வெட்டவும், கோட்டர் பின்னைப் பிடித்து இழுக்கவும்தான். அதை நட்டின்மேல் வைக்கவே கூடாது. இதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

கடையில் சோதிப்பது எப்படி?

பையில் 10, 12 மி.மீ. தலை உள்ள புது போல்ட் ஒவ்வொன்று எடுத்துப் போங்கள். ஸ்பேனரை அதில் மாட்டி லேசாக ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் நுழையவும் வேண்டும், லொடலொடவென்று ஆடவும் கூடாது. வாயின் உள்பக்கம் சமமாக இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு உரிந்தோ கொப்புளம் விட்டோ இருந்தால் வேண்டாம். கனமாக இருப்பது மட்டும் நல்ல ஸ்பேனருக்கு அடையாளம் ஆகாது. நல்ல எஃகு மெல்லியதாக இருந்தாலும் தாங்கும். மட்டமான இரும்பைத் தடிமனாகச் செய்தால்தான் அது நிற்கும்.

ஸ்பேனரின் உடம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், அளவு, 'குரோம் வெனடியம்' என்ற உலோகக் குறிப்பு ஆகியவை அழுத்தமாகப் பதிந்திருக்க வேண்டும். இந்தியத் தரத்தில் திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, பிளேயருக்கு ஐ.எஸ். 3650, திருப்புளிக்கு ஐ.எஸ். 844 என்று எண்கள் உண்டு. கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டால் அவரும் உள்ளேயிருந்து வேறு பெட்டியை எடுப்பார்.

பிளேயரை மூடி டியூப்லைட் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் பகுதியில் வெளிச்சம் கசிந்தால் அது மெல்லிய கம்பியை வெட்டாது, மடக்கும். நடு ஆணியில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது.

நல்ல கருவிக்கு வெளிநாட்டுப் பெயர் தேடவேண்டியதில்லை. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானாவிலிருந்து கைக்கருவிகள் உலகமெங்கும் போகின்றன. நாசிக்கில் டபாரியா 1969-லேயே சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு உற்பத்தியைத் தொடங்கியது. இதை விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் பெற்ற கருவிகளுக்குப் போலிகளும் உண்டு என்பதற்காகவே சொல்கிறேன். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், எழுத்துப் பிழையோடு அட்டை இருந்தால் வைத்துவிடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய கருவியாக இருந்தாலும் வாய் விரியாத நல்ல ஸ்பேனர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். அது புது மட்டத்தைவிட மேல்.

முறுக்குவதற்கும் கணக்கு உண்டு

கையேட்டில் நியூட்டன் மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 30 நியூட்டன் மீட்டர் என்றால், 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ எடை தொங்குகிற அளவு விசை. அவ்வளவுதான். ஸ்பேனருக்கு மேல் பைப்பைச் செருகி நீளம் கூட்டினால் விசை பல மடங்காகும், மரை போகும். குறைவாக முறுக்கினாலும் ஆபத்து; ஓடும்போது நட்டு தளரும். இதற்குத்தான் டார்க் ரென்ச். சரியான அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அதை இறுக்க மட்டும் பயன்படுத்த வேண்டும், கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது, ஏர் ஃபில்டர் பார்ப்பது, கிளட்ச் கேபிள் சரிசெய்வது, செயின் துடைத்து எண்ணெய் போடுவது நம்மால் முடியும். பிளக்கை முதல் சில சுற்று கையால்தான் திருப்ப வேண்டும். கோணலாக ஏறினால் அங்கேயே தெரிந்துவிடும். சக்கர அச்சு, டிஸ்க் பிரேக், ஹேண்டில் பேரிங் ஆகியவற்றை டார்க் ரென்ச்சும் பழக்கமும் இல்லாதவர்கள் தொடவேண்டாம். அங்கே ஒரு நட்டின் தவறு உயிரோடு விளையாடும். மெக்கானிக்குக் கொடுக்கும் கூலி அதற்குத்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். என்ஜினை ஓடவிட்டு, சக்கரம் சுழலும்போது செயினைத் துணியால் துடைக்காதீர்கள். துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். சாவியை எடுத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வடித்த பழைய ஆயிலை நம் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றாதீர்கள். அது மண்ணில் இறங்கி நம் போர்வெல்லுக்கே வரும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள்

எல்லோரும் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஸ்பேனரும் திருப்புளியும் அவரவர் வீட்டில் இருக்கட்டும். டார்க் ரென்ச், இம்பாக்ட் டிரைவர், டயர் காற்று அளவுமானி, ஆயில் வடிக்கும் தட்டு ஆகியவை வருடத்தில் சில முறைதான் தேவைப்படும். இவற்றைச் சங்கமே ஒரு செட் வாங்கி வைக்கலாம் என்பது என் யோசனை. பொதுப் பொருள் என்றால் காணாமல் போகும் என்று உடனே சொல்வீர்கள். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து அதன்மேல் மாட்டி வைத்தால், எது இல்லை என்பது காலி இடத்திலேயே தெரியும். பக்கத்தில் ஒரு நோட்டு, எடுத்தவர் பெயர், தேதி. சாவி ஆண்டுக்கு ஒரு வீடு.

நம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்து, ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் மாற்றியதைச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்றும் விதி போட்டிருந்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு ஏரியை அப்படிக் காத்தவர்கள் ஊரில், ஒரு கருவிப் பலகையை நம்மால் காக்க முடியாதா?

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். ஆதரவு தருபவர்கள் உங்கள் பிளாட் எண்ணோடு, வண்டி எது, கையேட்டில் உள்ள ஸ்பேனர் அளவுகள் எவை என்று எழுதிக் கொடுங்கள். அதை வைத்துத்தான் என்ன வாங்குவது என்று முடிவு செய்யலாம்.