ஆட்டோ மீட்டருக்குள்ள ஒரு நேர்கோடு

பத்தாம் வகுப்போட மறந்துபோன சாய்வு, வெட்டுத்துண்டு ரெண்டையும் இன்னைக்கு ஆட்டோவுல ஏத்திக்கிட்டுக் கிளம்பலாம்.

2013-ல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12 ரூபாய். வெயிட்டிங், நைட் சார்ஜ் எல்லாம் இப்போ வேண்டாம். தூரம் எக்ஸ், கட்டணம் ஒய்.

முதல்ல சாய்வு, அதாவது ஸ்லோப். 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், 6.8-க்கு 85 ரூபாய். தூரம் 5 கூடுது, காசு 60 கூடுது. 60-ஐ 5-ஆல் வகுத்தா 12. அவ்வளவுதான், சாய்வு 12.

அடுத்து ஒய் வெட்டுத்துண்டு. எக்ஸ் பூஜ்யமா இருந்தா ஒய் எவ்வளவு? யாரைக் கேட்டாலும் டக்குனு 25-னு சொல்லத் தோணும். ஆனா அந்த 25 இருக்கிறது 1.8-ல். கோட்டை அப்படியே பூஜ்யம் வரைக்கும் பின்னாடி நீட்டினா 12 × 1.8, அதாவது 21.60 குறையும். மீதி 3.40. ஆக, ஒய் = 12 எக்ஸ் + 3.40.

எக்ஸ் வெட்டுத்துண்டுக்கு ஒய்யை பூஜ்யமாக்குங்க. எக்ஸ் கிட்டத்தட்ட மைனஸ் 0.28 வரும். மைனஸ் தூரத்துக்கு எந்த அண்ணன் வண்டி எடுப்பார்? இந்தக் கோடு 1.8-க்கு அப்புறம்தான் செல்லும். அதுக்கு முன்னாடி 25-லயே படுத்துக் கிடக்கிற கோடு, சாய்வு பூஜ்யம்.

சரி, இதனால யாருக்கு என்ன? கட்டணத்தை உயர்த்தணும்னா ரெண்டு வழி இருக்குன்னு வச்சுக்குவோம். ஒண்ணு, மினிமம் சார்ஜை 10 ரூபாய் கூட்டுறது. சாய்வு மாறாது; வெட்டுத்துண்டு 13.40 ஆகும். இன்னொண்ணு, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் கூட்டுறது. சாய்வு 14 ஆகும். ரெண்டு கோடும் சந்திக்கிற இடம் 6.8 கிலோமீட்டர், ரெண்டுலயும் 95 ரூபாய்.

ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நின்னு பக்கத்துத் தெருக்களுக்கே ஓட்டுறவருக்கு முதல் வழிதான் சோறு போடும். ஏர்போர்ட் சவாரி எடுக்கிறவருக்கு ரெண்டாவது. பயணிகளான நமக்கு அப்படியே தலைகீழ்.

அதனால, அடுத்த முறை 'கட்டண உயர்வு'னு நியூஸ் வந்தா நான் முதல்ல கேட்கப் போற கேள்வி இதுதான்: ஏறினது வெட்டுத்துண்டா, சாய்வா? நீங்களும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!