முதல் பங்கு வீட்டு அடுப்புக்கு

(தோட்டக் குடும்பங்களுக்கான ஞாயிறு கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வாரம் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எங்களுக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது வீட்டு வாசல் சந்தை. லயத்துக்குப் பக்கத்தில் போட்ட நாலு பாத்தி, கூட்டில் வளர்க்கும் ஏழெட்டுக் கோழி, அடுப்படியில் போடும் ஊறுகாய், பண்டிகைக்குச் சுடும் முறுக்கு. இவற்றை ஒரு பலகையில் பரப்பி, மேலே ஒரு தகரமோ படங்கோ கட்டி, ரோட்டுத் திருப்பத்தில் ஞாயிறு காலையில் விற்கிற சின்னச் சந்தை. 2022ஆம் ஆண்டில் கோதுமை மா விலை ஏறி, பால்மா கிடைக்காமல் நாம் எல்லோரும் தவித்தோமே, அந்த நேரத்தில்தான் பல தோட்டங்களில் மூலை முடுக்கெல்லாம் கொத்திப் பயிர் வைத்தார்கள். சாப்பிட்டது போக மிஞ்சியதை விற்றார்கள். நல்ல காரியம். நாங்களும் போகிற இடமெல்லாம் "செய்யுங்கள், செய்யுங்கள்" என்று உற்சாகப்படுத்தினோம்.

அப்படி உற்சாகப்படுத்தியதில் நாங்கள் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு டிவிசனில் ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பாடசாலைக்குப் போகிறவன். சின்னவளுக்கு அப்போது இரண்டரை வயது. அந்தத் தாய் கோழி வளர்த்து வாரத்துக்கு முப்பது முட்டை அளவில் விற்று வந்தார். சந்தைப் பலகையைத் துடைத்து, முட்டையைத் தவிட்டில் அடுக்கி, கீரையைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிற அழகே அழகு. நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தத் தாயின் பெயரைச் சொல்லிப் பாராட்டினோம். "அவரைப் பாருங்கள், ஒரு முட்டையைக்கூட வீணாக்காமல் காசாக்குகிறார்" என்று கைதட்டச் சொன்னோம்.

பிள்ளை நிறுக்கிற நாளில் குடும்ப நல உத்தியோகத்தர் அம்மா அந்தச் சின்னவளின் வளர்ச்சி அட்டையை எங்களிடம் நீட்டினார். மூன்று மாதமாகக் கோடு ஏறவே இல்லை. படுத்துக் கிடக்கிறது. "பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். "ரொட்டி கொடுக்கிறேன், சாயத்தண்ணி கொடுக்கிறேன், சோறு பருப்பு கொடுக்கிறேன்" என்று தாய் சொன்னார். "முட்டை?" என்று கேட்டதும், அந்தத் தாய் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அது விக்கிறதுக்குங்க ஐயா. நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணைக்கூட வீணாக்காதேன்னு."

எங்களுக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. பிள்ளை தின்பது வீணாவதாகும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் நாங்கள் கைதட்டிய கைதட்டல் அந்தத் தாயின் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. பிழை அவருடையது அல்ல. எங்களுடையது.

அன்றைக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். இரண்டு பிள்ளைகளுக்கும் நாளுக்கு ஒரு முட்டை வீதம் வாரத்துக்குப் பதினான்கு. முப்பதில் பதினான்கு போனால் விற்கப் பதினாறுதான். "பாதிக் காசு போயிருமேங்க ஐயா" என்றார். உண்மைதான். அதை மறைத்துப் பேச நாங்கள் விரும்பவில்லை. பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட் பைக்கற், சத்து மருந்துப் போத்தல், அதற்காக டவுனுக்குப் போன பஸ் காசு, இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தும் முட்டைக் காசு முழுவதும் ஈடாகவில்லை. மீதியைப் பிறகு வல்லாரையும் ஊறுகாயும் கொண்டுவந்தன. சின்னவளின் கோடு இரண்டாம் மாதத்திலிருந்து மெதுவாக ஏறத் தொடங்கியது. சந்தைப் பலகை கொஞ்சம் சிறுத்தது. ஆனால் இன்றும் இருக்கிறது.

ஆகவே முதலாவது பேச்சு இதுதான்: முதல் பங்கு வீட்டு அடுப்புக்கு. அதற்குப் பிறகுதான் சந்தைக்கு. காலையில் கூட்டைத் திறந்து முட்டை எடுக்கும்போதே பிள்ளைகளின் முட்டையை வேறாக வைத்துவிடுங்கள். கீரை பிடுங்கும்போது முதல் கட்டு வீட்டுக்கு. மாடு வைத்திருப்பவர்கள் பால்காரர் வருவதற்கு முன்னரே பிள்ளைகளின் பங்கை அளந்து எடுத்துவிடுங்கள். "மிஞ்சினால் கொடுக்கலாம்" என்று வைத்தால் ஒருநாளும் மிஞ்சாது. சந்தைக்கு வயிறு பெரிது. வயிற்றில் பிள்ளை உள்ள தாய்க்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் இதே பேச்சுத்தான்.

இரண்டாவது, பேர் போடுவது.

மலையில் நிறை குறைந்து அரைப் பேர் விழுந்தால் நமக்கு எவ்வளவு வயிறு எரிகிறது! நியாயம்தான். ஆனால் சொந்தச் சந்தையில் நமக்கு நாமே அரைப் பேர்கூடப் போடுவதில்லை. ஒரு உதாரணம் பார்ப்போம். விலைவாசி மாறும். கணக்கு முறை மாறாது. ஒருவர் முறுக்குச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மா, எண்ணெய், ஓமம் எல்லாம் 900 ரூபாய். விறகு 150 ரூபாய். பைகள் 100 ரூபாய். மொத்தம் 1,150. முப்பது பைக்கற் வருகிறது. ஒன்றை 50 ரூபாய்க்கு விற்றால் 1,500 ரூபாய். "அம்மாடி, 350 ரூபாய் லாபம்" என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் மா பிசைந்து, பிழிந்து, சுட்டு, பை கட்டி, விற்று முடிக்க ஐந்து மணித்தியாலம் போயிருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு 70 ரூபாய். இதை உங்கள் நாட்சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். அடுப்புப் புகையில் கண் கசக்கிக்கொண்டு, மலை வேலையை விடக் குறைந்த கூலிக்கு நமக்கு நாமே வேலை செய்திருக்கிறோம்.

இப்போது பாத்தியில் இருபது கட்டு வல்லாரை பிடுங்கி, கட்டு 40 ரூபாய்க்கு விற்றால் 800 ரூபாய். பிடுங்கிக் கழுவிக் கட்ட இரண்டு மணித்தியாலம். களை பிடுங்கியது, தண்ணீர் ஊற்றியது இன்னும் இரண்டு. நாலு மணித்தியாலத்துக்கு 800. கைக்காசு அதிகம் போடவும் இல்லை. முறுக்குச் சுட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முறுக்கு நல்ல விலை போகும். ஆனால் எந்தச் சாமானுக்கு நமது உழைப்பு நிற்கிறது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும். போட்ட காசு ஒரு பக்கம், வந்த காசு ஒரு பக்கம், போன நேரம் மூன்றாவது பக்கம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிள்ளைக்கும் கணக்குப் படித்ததாக இருக்கும்.

மூன்றாவது, கொழுந்துக் காலத்தையும் பாத்திக் காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது.

நமது மேற்குப் பக்கத்து மலைகளில் வருடம் பிறந்து முதல் மாதங்களில் வெயிலும் இரவுப் பனியும் சேர்ந்து கொழுந்து குறையும். கைக்காசும் குறையும். சித்திரை, வைகாசியில் மழை விழுந்தால் கொழுந்து தள்ளும். அப்போது வீட்டுக்கு வரவே நேரமிருக்காது. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணிக் காற்றில் நிலம் காயும். ஆகவே கொழுந்து குறைகிற மாதத்தில் கையில் விளைச்சல் வரும்படி முன்கூட்டியே விதையுங்கள். முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம், போஞ்சிக்கு இரண்டு மாதம், கரட்டுக்கு மூன்று மாதம், லீக்ஸுக்கு அதற்கும் மேலே என்று நமக்குத் தெரியும். ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதைக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் ஒவ்வொரு ஞாயிறும் பலகையில் ஏதாவது இருக்கும். பலகை வெறுமையாகக் கிடந்தால் வாங்க வருகிறவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

அதோடு, ஒரே லயத்தில் ஐந்து வீட்டாரும் முள்ளங்கி போட்டால் யார் யாரிடம் வாங்குவது? பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கீரை, ஒரு வீட்டில் போஞ்சி, ஒரு வீட்டில் ஊறுகாய், இன்னொரு வீட்டில் நாற்று. ஐந்து பலகைக்குப் பதில் ஒரு பலகையை முறை வைத்துப் பார்த்தால், மற்ற நாலு பேருக்கும் ஞாயிறு காலை மிச்சம்.

நான்காவது, சுத்தமும் பத்திரமும்.

கீரையைக் கானில் ஓடுகிற தண்ணீரில் கழுவவே வேண்டாம். மேல் லயத்துக் கக்கூஸ் தண்ணீர் எங்கே கலக்கிறது என்று நமக்குத் தெரியும். பீலித் தண்ணீரில் கழுவுங்கள். தோட்டத்தில் மருந்து வந்த போத்தல், கேன் எதையும் எவ்வளவு கழுவினாலும் சாப்பாட்டுச் சாமானுக்கு எடுக்காதீர்கள். அது உயிர் விஷயம். பாத்திக்கு மருந்து அடித்திருந்தால், போத்தலில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் கழியாமல் பிடுங்கக் கூடாது. விற்கிற கீரையைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை தின்கிறது.

ஊறுகாய் போடுபவர்கள் வெயில் காலம் பார்த்துத் தொடங்குங்கள். நமது குளிரில் தேசிக்காய் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். போத்தலைக் கொதிநீரில் போட்டெடுத்து, கவிழ்த்து, ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் காய வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். போட்ட திகதியை ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். தயாரித்த சாப்பாட்டை வெளியே கடைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். அவர் வந்து பிடிப்பார் என்று பயப்படுவதைவிட, நாமே போய்க் கேட்பது மரியாதை.

பாத்தி போடுவதற்காக லயத்துக்குப் பின்னால் உள்ள மண் மேட்டை வெட்டாதீர்கள். பெரிய மழைக்கு அந்த மேடுதான் காம்பராவுக்குள் வரும். கானை மூடிப் பயிர் வைக்காதீர்கள். தோட்டத்து ரோட்டோரத்தில் பலகை போடுவதாக இருந்தால் துரையிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்கினால் எங்களிடம் வாருங்கள். நாங்கள் கூட வருகிறோம்.

ஐந்தாவது, கடன். சொந்தக்காரர் வந்து "சம்பளத்துக்குத் தாரேன் அக்கா" என்றால் எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். ஆனால் கொப்பியில் எழுதுங்கள். ஒரு சம்பளம் வரைக்கும்தான் என்று முதல் நாளே எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிடுங்கள். பழைய கடன் தீராமல் புதுக் கடன் இல்லை. மாமியாருக்கும் அதே பேச்சு, மச்சானுக்கும் அதே பேச்சு. முறை ஒன்றாக இருந்தால் மனத்தாங்கல் குறையும்.

கடைசியாக, தகப்பன்மாருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கோபிக்கக் கூடாது.

விடியக்காலையில் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, மலையில் கொழுந்தெடுத்து, பொழுது சாய்ந்து வந்து மறுபடியும் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்தான் இந்தச் சந்தையையும் பார்க்க வேண்டும் என்றால் அது வருமானம் அல்ல, இன்னொரு சுமை. மண்வெட்டி உங்கள் கையில் இருக்கட்டும். கூடு கட்டுவதும், விறகு பிளப்பதும், ஞாயிறு காலை சாமானைத் தூக்கிக்கொண்டு போவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். சந்தைக் காசு வீட்டுக் காசு. அது தவறணைப் பக்கம் திரும்பினால் அடுத்த ஞாயிறு பலகை போட யாருக்கும் மனம் வராது. அதுபோலவே, பலகை பார்ப்பதற்காகப் பெண் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தவே கூடாது. ஞாயிறு இரண்டு மணித்தியாலம் உதவட்டும். திங்கட்கிழமை பாடசாலையில் இருக்கட்டும்.

அன்பானவர்களே, பெரிய கடை வைத்துப் பணக்காரராகும் வழியை நாங்கள் சொல்ல வரவில்லை. நாலு பாத்தியும் ஏழெட்டுக் கோழியும் சம்பளத்துக்கு ஈடாகாது. நியாயமான சம்பளத்தைக் கேட்பது வேறு, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கொழுந்து குறைந்த மாதத்தில் கடைக் கொப்பியில் நமது பெயருக்கு நேரே ஒரு வரி குறைந்தால், அது பெரிய நிம்மதி.

இனி நாங்கள் உங்கள் சந்தையைப் பார்க்க வரும்போது "எவ்வளவு விற்றீர்கள்?" என்று முதலில் கேட்க மாட்டோம். "இன்றைக்குப் பிள்ளைக்கு முட்டை கொடுத்தீர்களா?" என்றுதான் கேட்போம். அதற்குப் பிறகு பலகையைப் பார்க்கிறோம். மறந்துபோய் மாற்றிக் கேட்டால், தயங்காமல் எங்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.