கிரீன் டீயும் என் ஒரு கிலோவும்



போன வருஷம் எடை குறையும்னு கிரீன் டீ குடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. சங்கத்துல உள்கடன் வாங்கி மூணு டப்பா! நாலாம் நாள் ஒரு கிலோ குறைஞ்சது. பத்து நாள்ல திரும்ப ஏறிடுச்சு. போனது கொழுப்பு இல்ல, தண்ணி. டீயில இருக்கிற காஃபின் கொஞ்சம் சிறுநீரைக் கூட்டும், அவ்வளவுதான். நம்ம டீத்தூளும் அதே செடியோட இலைதான். கறுக்க விடாம காயவெச்சா கிரீன் டீ. சர்க்கரை போடாம குடிச்சதுதான் லாபம்.

அந்தப் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்பினேன். அடி அண்ணாமலை தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்த்தா 8 கிராம்தான். பொம்பளைங்களுக்கு 12 இருக்கணுமாம். நர்சம்மா கேட்ட முதல் கேள்வி, "டீ எப்போ குடிக்கிறீங்க?" சோத்தோட சோறாத்தான் குடிச்சேன். முருங்கைக்கீரையில, பயறுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாம டீ தடுக்குமாம். பாலு டீயும் அப்படித்தான். ஏற்கெனவே ரத்தம் கம்மியான உடம்பு, நான் வேற காசு குடுத்துக் கெடுத்தேன்.

இப்போ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுதான் டீ. இரும்புச்சத்து மாத்திரையோட அறவே இல்ல. மிச்சம் ஒரு டப்பா வீட்ல இருக்கு. வேணும்னா வாங்கிக்கோங்க, தவணை நான் கட்டி முடிச்சுட்டேன்.