பெயர் சுமந்த வல்லூறுகள்



'இலக்கியத்தில் பறவைகள்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். தூது நூல்களை வரிசைப்படுத்திக் காட்டுவது எளிது. நீங்களும் அதனைப் பன்முறை கேட்டிருப்பீர்கள். ஆதலின் இன்று ஒரே ஒரு பறவையைப் பற்றிப் பேச விழைகிறேன். அது அமூர் வல்லூறு.

சைபீரியாவின் தென்கிழக்கிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்து, தென் ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் சிறு பறவை இது. எடை 150 கிராம் அளவே. ஓராண்டில் போக்கும் வரவுமாக 20,000 கி.மீ.க்கும் மேல் பறக்கிறது. அக்டோபர், நவம்பர்த் திங்களில் நம் நாட்டின் வடகிழக்கு மலைகளில் இலட்சக்கணக்கில் இறங்கி, ஈசலை உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். முன்னே கிடப்பது அரபிக்கடல் அல்லவா?

2012 ஆம் ஆண்டில் நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில், தோயாங் நீர்த்தேக்கக் கரையில் மரத்துக்கு மரம் மீன்வலைகள் கட்டப்பட்டன. மாலையில் அடைய வந்த வல்லூறுகள் அவற்றில் சிக்கின. இறகு பறிக்கப்பட்டுக் கோல்களில் கோக்கப்பட்ட பறவைகளின் படங்கள் உலகெங்கும் பரவின. பத்திரிகையாளர் பானோ ஹராலுவும் அவருடன் சென்றோரும் நேரில் கண்டு எழுதிய அறிக்கை, நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் வரை கொல்லப்பட்டதாக மதிப்பிட்டது.

அம்மக்களைக் கொடியோர் என்று ஏசியவர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோயாங் அணை கட்டப்பட்டபோது பாங்டி முதலிய ஊர்களின் விளைநிலங்கள் நீரில் மூழ்கின. உழவர் மீனவர் ஆயினர். அம்மீன்வலையே பின்னர் மரத்தில் ஏறியது. அணையின் கதையை விட்டுவிட்டு வலையின் கதையை மட்டும் எழுதினோர் பாதிக் கதையையே எழுதினர்.

மறு ஆண்டு அவ்வூர்களே ஒன்று கூடின. ஊர் மன்றங்களும் திருச்சபையினரும் வேட்டையைக் கைவிடத் தீர்மானித்தனர். 2013 இல் தோயாங் கரையில் வலை விரிக்கப்படவில்லை. அந்த நவம்பரில் தேராதூனின் இந்திய வனவிலங்கு நிறுவனத்தினர், ஹங்கேரி நாட்டு வல்லுநர் துணையுடன், மூன்று வல்லூறுகளின் முதுகில் 5 கிராம் எடையுள்ள அலைபரப்பியைப் பூட்டிப் பறக்கவிட்டனர். கதிரொளியில் இயங்கும் அச்சிறு கருவி சில மணி நேரம் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். பின்னர் ஆற்றல் சேர்ப்பதற்காக வாய்மூடிவிடும். அந்த இடைவெளியில் பறவை எங்கே என்பதை எவரும் அறியார். காத்திருத்தலை விரித்துப் பாடிய மரபில் வந்த நமக்கு அந்த மௌனம் புதிதன்று.

அம்மூன்றிற்கும் நாகா, வோக்கா, பாங்டி எனப் பெயரிட்டனர். இன்று நான் சொல்ல வந்தது இப்பெயர்களைப் பற்றியே. முந்தைய ஆண்டில் எண்ணிக்கையாகவும் இறைச்சியாகவும் இருந்த ஓர் இனத்தின் மூன்று உயிர்கள், வேட்டையாடியவர்தம் இனத்தின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சுமந்து பறந்தன. 'பாங்டி கடலைக் கடந்துவிட்டது' என்று செய்தி வரும்போது, அது பறவையைப் பற்றிய செய்தியா, ஊரைப் பற்றிய செய்தியா? தன் ஊரின் பெயர் கொண்ட ஒன்றை வலையிலிட எந்தக் கை எளிதில் எழும்?

நம் மரபிலும் இதற்கோர் இணை உண்டு. புறநானூற்றின் 67 ஆம் பாடலில் பிசிராந்தையார் வடக்கே செல்லும் அன்னச் சேவலிடம், வழியில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு, நான் ஆந்தையின் அடியவன் எனச் சொல்லுமாறு வேண்டுகிறார். கேட்பதற்கு எளிய கூற்று. ஆயின் அப்பெயரைச் சொன்ன பின் அப்பறவை வெறும் பறவையாக இராது. சோழன் போற்ற வேண்டிய விருந்தாகிவிடும். புலவர் தூது மட்டும் விடவில்லை, தம் பெயரையே காப்பாக அணிவித்தார் என்று நான் கொள்கிறேன்.

பயணத்துக்கு வருவோம். மலைகளை விட்டெழும் வல்லூறு தக்காணத்தைக் கடந்து அரபிக்கடலின் மேல் இரவும் பகலும் பறக்கிறது. 2,000 கி.மீ.க்கும் மேல் காலூன்ற இடமில்லை. துணை செய்வது பின்னிருந்து வீசும் வடகீழ்க்காற்று. நமக்கு மழை தருவதும், நம் தலைவியரைப் பிரிவில் வாட்டியதும் அத்திசைக் காற்றுதான்! இப்பருவத்தில் தட்டாரப்பூச்சிகளும் இக்கடலைக் கடக்கின்றன என்றும், வல்லூறுகளுக்கு அவை வழியுணவாகலாம் என்றும் மாலத்தீவில் ஆய்வு செய்த சார்லஸ் ஆண்டர்சன் 2009 இல் எழுதினார். (இப்பூச்சியைத் தும்பி என்றும் இன்று வழங்குகிறோம். சங்கப் பாடல்களின் தும்பி வண்டினம் என்பதைக் கவிஞர்கள் மறவாதிருப்பார்களாக.)

பெயர் எப்போதும் காத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2018 நவம்பரில் மணிப்பூர் மாநிலத்தின் தாமெங்லாங் மாவட்டத்தில் 'மணிப்பூர்' என்று பெயரிடப்பட்ட ஆண் வல்லூறு, கருவி பூட்டப்பட்ட சில நாட்களிலேயே வேட்டைக்கு இரையாயிற்று. 2012 இல் மடிந்தவற்றுள் ஒன்றையேனும் நாம் தனித்தறியோம். இதனை அறிவோம். இது வீழ்ந்த இடம் தெரியும், பெயர் தெரியும், பெயர் இட்டவர் யாவர் என்பதும் தெரியும். ஒரு மாநிலமே தன் பெயரில் நிகழ்ந்த சாவைக் கேட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், அதே தாமெங்லாங்கில் அபாபாங், அலாங், ஆகு என்னும் மூன்று வல்லூறுகள் கருவியோடு விடப்பட்டன. இங்கே நாம் மழைக்குக் குடை விரித்துக்கொண்டிருந்த நாட்களில் அவை கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தன.