படம் ஏன் திரும்பி வருகிறது?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகைப்படக்கலை பற்றிப் பேசும்படி கேட்டார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகளும், வீட்டில் இருந்தபடி நாலு காசு உழைக்க விரும்பும் பெண்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "அக்கா, படம் வாங்கி விற்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். தரம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். படம் வடிவாகத்தானே இருக்கிறது?"

படம் வடிவாக இருக்கலாம். ஆனால் அவர்கள் பார்ப்பது வடிவை மட்டுமல்ல.

ஷட்டர்ஸ்டொக் நிறுவனத்தை 2003இல் நியூயோர்க்கில் ஜோன் ஒரிங்கர் தொடங்கினார். தானே எடுத்த சுமார் 30,000 படங்களே அவருடைய முதல். இன்று அங்கே கோடிக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அடோபி ஸ்டொக், கெட்டி இமேஜஸ், அலமி என்பனவும் இதே தொழில் செய்பவை. உங்கள் படத்தை வாங்கப்போகிறவர் யார் என்பது அவர்களுக்கும் தெரியாது. ஒருவர் முத்திரை அளவில் போடுவார், இன்னொருவர் பாதியை வெட்டி வீதியோர விளம்பரப் பலகையில் போடுவார். எவர் வாங்கினாலும் படம் தாங்க வேண்டும். ஆகவே பரிசோதகர் படத்தை முழு அளவுக்குப் பெருப்பித்துப் பார்க்கிறார். கைத்தொலைபேசித் திரையில் நாங்கள் காணாத குறைகள் அங்கே தெரிந்துவிடும்.

முதலாவது, அளவு. ஷட்டர்ஸ்டொக்கும் அடோபி ஸ்டொக்கும் குறைந்தது 40 இலட்சம் பிக்சல் கேட்கின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது ஏறத்தாழ 8 அங்குல அகலம், ஐந்தரை அங்குல உயரம். இந்த மலரின் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியிலேயே சுருங்கிவிடுகிறது. அதை மென்பொருளால் ஊதிப் பெருப்பித்தாலும் போன விபரம் திரும்பி வராது. மூலக் கோப்பையே வைத்திருங்கள். ஒருவருக்கு அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

இரண்டாவது, தெளிவு. முகம் எடுத்தால் கண் தெளிவாக இருக்க வேண்டும். கண் மங்கிக் காதுத்தோடு தெளிந்திருந்தால் படம் திரும்பிவிடும். கை நடுங்கினாலும், வெளிச்சம் குறைவாக இருந்து கமரா மெதுவாகத் திறந்து மூடினாலும் இதே கதைதான். சுவரிலோ மரத்திலோ சாய்ந்து நின்று எடுங்கள்.

மூன்றாவது, கரகரப்பு. வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாவிட்டால் பாட்டோடு இரைச்சலும் வருமல்லவா? இருட்டில் எடுக்கும்போது கமரா கிடைத்த சிறிய ஒளியைப் பெருக்குகிறது. ஒளியோடு இரைச்சலும் பெருகி, நிழல் பகுதிகளில் நிறப்புள்ளிகளாகத் தெரிகிறது. அதைத் தேய்த்து அழிக்கப் போனால் தோல் மெழுகுபோல் ஆகிவிடும். அதற்கும் மறுப்புத்தான்.

நான்காவது, ஒளியளவு. இது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். நடுப்பகல் வெயிலில் வெள்ளைச் சீருடையோடு நாற்பது பிள்ளைகளை நிறுத்தி எடுக்கிறோம். எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சமாக்கவே கமரா பார்க்கும். இத்தனை வெள்ளையைக் கண்டதும் படத்தை இருட்டாக்கிவிடும். பிள்ளைகளின் முகம் கறுத்துப்போகும். முகத்துக்காக ஒளியைக் கூட்டினால் சீருடையின் மடிப்பும் நூலும் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகும். இதற்கு மருந்து காலை எட்டு மணிக்கு முந்திய வெயில், அல்லது வேம்பின் சீரான நிழல்.

ஐந்தாவது, மிகைப்பூச்சு. இரணைமடுக் குளத்து நீரை நீல மை ஆக்குவதும், வயலைப் பச்சைப் பெயின்ற் ஆக்குவதும், முகத்தை வெளுப்பதும் தரக்குறைவுதான். முகத்தை வெளுப்பது எனக்கு வேறுவிதமாகவும் கவலை தருகிறது. எங்கள் பிள்ளைகளின் நிறம் திருத்தப்படவேண்டிய பிழை அல்ல.

தரம் சரியாக இருந்தும் திரும்பும் படங்கள் உண்டு. ஒரே காட்சியைப் பத்துத் தடவை அனுப்பினால் திரும்பும். வர்த்தகச் சின்னம் தெரிந்தால் திரும்பும். விளம்பரங்களுக்குப் பயன்படும் படத்தில் ஆள் அடையாளம் தெரிந்தால் அவருடைய கையொப்பம் வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்பமிட வேண்டும். பலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. ஆனால் எங்கள் சனத்தின் கண்ணீரை எத்தனையோ கமராக்கள் கேட்காமலே எடுத்துப்போயிருக்கின்றன. கேட்டு எடுப்பது மரியாதை என்பது எங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

உழைப்புப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஷட்டர்ஸ்டொக் 15 முதல் 40 வீதம் வரையும், அடோபி ஸ்டொக் புகைப்படத்துக்கு 33 வீதமும் தருகின்றன. ஒரு விற்பனையில் சில டொலர் சதங்களே கையில் வரலாம். இதை நம்பிக் கடன்பட்டுப் பெரிய கமரா வாங்க வேண்டாம்.

அப்படியானால் ஏன் மினைக்கெட வேண்டும்? இத்தகைய தொகுப்புகளில் கிளிநொச்சி என்று தேடிப் பாருங்கள். ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியும், இடிந்த சுவர்களும், இராணுவமுமே பெரும்பாலும் வருகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் அவை மட்டுமே நாங்களும் அல்ல. அறுவடை நாளில் களத்துமேடு, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பூநகரிக் கரையில் வலை தெரியும் பெண்கள் எல்லாம் எங்கே? பாடநூலோ சஞ்சிகையோ தயாரிப்பவர் இருப்பதைத்தான் எடுத்துப் போடுவார். நாங்கள் தரமாகக் கொடுக்காவிட்டால் எங்களைப் பற்றிய படத்தை வேறு யாரோ தெரிவுசெய்வார்கள்.

கடைசியாக, வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். 2008, 2009இல் இடத்துக்கு இடம் பெயர்ந்தபோது இங்குள்ள பல வீடுகளில் அல்பங்கள் போய்விட்டன. ஒரு தாயிடம் மகளின் பள்ளிக்கூடப் படம்கூட இல்லாத வீடுகள் உண்டு. அந்தக் குழுப்படத்தின் பிரதி ரொறன்ரோவிலோ லண்டனிலோ உங்கள் அலுமாரியில் இருக்கலாம். தயவுசெய்து கண்ணாடிச் சட்டத்துக்கு மேலால் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பாதீர்கள். சட்டத்தைக் கழற்றி, தூசு துடைத்து, ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுங்கள். பின்பக்கத்தில் பெயர், ஆண்டு எழுதியிருந்தால் அதையும் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். நான்காம் வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பெருப்பித்து, அவள் தாயின் கையில் ஒரு படமாகக் கொடுக்க அந்தத் தரம் போதும்.