மாத்திரையை நிறுத்துமுன் ஒரு ரத்தப் பரிசோதனை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், மருத்துவமனை மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் நாம் லிஃப்டில் நின்றுகொண்டே பேசிக்கொள்கிறோம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை. யார் வீட்டில் என்ன மாத்திரை என்று நாம் துருவ வேண்டியதும் இல்லை. ஆனால் அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று நான் சொல்லப்போவது உங்களுக்கு உதவும்.

நன்றாகக் குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று மாத்திரையை நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. சில மாதங்களில் நோய் திரும்பிவிடும். அந்த மௌனத்துக்குப் பின்னால் பல நேரம் இருப்பது வெட்கம். பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றிருக்கும், அல்லது குழந்தை பெறாமலே மார்பில் பால் கசியும். ஆணுக்கு மார்பு பெரிதாகியிருக்கும், தாம்பத்திய உறவில் நாட்டம் குறைந்திருக்கும். இதை அம்மாவிடம் சொல்வதா, மனைவியிடம் சொல்வதா, டாக்டரிடம்தான் எப்படிச் சொல்வது?

காரணம் எளிமையானது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. தாய்ப்பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. அது ஆண்களுக்கும் உண்டு. அது அளவு மீறாமல் பிரேக் போட்டு வைத்திருப்பது டோபமைன். மனநோய் மருந்துகள் டோபமைனின் வேலையைத் தடுத்துத்தான் காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகின்றன. அதே மருந்து பிட்யூட்டரியிலும் பிரேக்கை விடுவித்துவிடுகிறது. புரோலாக்டின் ஏறுகிறது.

எல்லா மருந்தும் ஒன்றுபோல் அல்ல. ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைட், ஹாலோபெரிடால் ஆகியவை அதிகம் ஏற்றும். ஓலான்சபின் ஓரளவு. குயட்டியாபின், குளோசபின் ஆகியவற்றில் மிகக் குறைவு. அரிப்பிபிரசோல் பெரும்பாலும் ஏற்றுவதே இல்லை. மாதம் ஒருமுறை ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இதே கணக்குதான்.

வெளியே தெரியும் தொந்தரவு இல்லாவிட்டாலும் இதை விட்டுவிடக் கூடாது. புரோலாக்டின் நீண்ட காலம் கூடியிருந்தால் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எலும்பு வலுவிழக்கும். முப்பது வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதமாக மாதவிலக்கு இல்லை என்றால் அது எலும்பின் கணக்கும்தான்.

என்ன செய்யலாம்? மாதவிலக்கு தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அடுத்து புரோலாக்டின், கூடவே தைராய்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். தூங்கி எழுந்த உடனே ரத்தம் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது கழியட்டும், பதற்றமில்லாமல் சற்று உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். பொதுவாகப் பெண்களுக்கு 25, ஆண்களுக்கு 20 நானோகிராம் வரை சரி என்பார்கள். லேப் ரிப்போர்ட்டில் உள்ள அளவையும் பாருங்கள். கொஞ்சம் கூடியிருந்தால் ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். மிக அதிகமாக இருந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். வாந்திக்கும் வாயுவுக்கும் நாமே கடையில் கேட்டு வாங்கும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைட் கலந்த கேஸ் மாத்திரைகளும் புரோலாக்டினை ஏற்றுபவைதான். மனநோய் மருந்தோடு இவையும் சேர்ந்தால் இரட்டிப்புத் தொல்லை. டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பரிகாரம் உண்டு. டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாம், அல்லது இருக்கும் மருந்தோடு சிறிய அளவில் அரிப்பிபிரசோலைச் சேர்க்கலாம். மருந்தை மாற்றும்போது எடை, சர்க்கரை அளவையும் கவனிக்க வேண்டும். புரோலாக்டின் குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் அதையும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமானது. வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் "மாதவிலக்கு வரவில்லை", "மார்பு வீங்கியிருக்கிறது" என்று எழுதி டாக்டர் மேசையில் வைத்துவிடுங்கள். அது போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். வீட்டிலுள்ளவர்கள் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லாதீர்கள். இது ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய விஷயம்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். என்னிடம் கேட்க வேண்டுமானாலும் தயங்காமல் வாருங்கள். மாலையில் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன்.