முதலில் சொல்பவருக்குத் துணை நில்லுங்கள்



படித்து முடித்து இன்று பட்டமளிப்பு அங்கியோடு அமர்ந்திருக்கும் உங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் கல்விக் கட்டணத்துக்காகத் தங்கள் தேவைகளைத் தள்ளிப்போட்ட பெற்றோருக்கு என் வணக்கம்.

கால்நடை மருத்துவனாகிய நான் இன்று உங்களிடம் பேச வந்திருப்பது, பறவைகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் மனிதருக்கு வரும் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலைப் பற்றி. அதைத் தடுக்கும் வேலையில் உங்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது.

ராயப்பேட்டையில் மீர்சாகிப் பேட்டை மார்க்கெட் உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே ஜாம்பஜார். ஞாயிறு காலை ஒரு கோழிக்கடை முன் சற்று நேரம் நின்று பாருங்கள். கடைப் பையன் கூண்டுக்குள் கையை விட்டுக் கோழியைப் பிடிக்கிறான். எடை போட்டு, கழுத்தை அறுத்து, பிளாஸ்டிக் டிரம்முக்குள் போடுகிறான். உள்ளே அது படபடத்து அடங்கும்வரை ரத்தமும் எச்சமும் இறகுத் தூளும் மேலே தெறிக்கின்றன. பிறகு வெறுங்கையால் தோலை உரித்து, குடலை உருவி, புளியங்கட்டையில் வைத்து வெட்டுகிறான். நோயுள்ள ஒரு பறவை அந்தக் கூண்டில் இருந்துவிட்டால், வைரஸ் முதலில் போய்ச் சேரும் இடம் அந்தப் பையனின் கண்ணும் மூக்கும்தான்.

1997-இல் ஹாங்காங்கில் நடந்தது இதுதான். எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் 18 பேருக்குத் தொற்றியது. அவர்களில் 6 பேர் இறந்தார்கள். உயிர்க்கோழிச் சந்தைகளே காரணம் என்று தெரிந்ததும், நகரத்தில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களில் அழித்தார்கள். தொற்று அத்தோடு நின்றது. யோசித்துப் பாருங்கள்: ஒரு பெருந்தொற்றை அங்கே தடுத்து நிறுத்தியது, ஆய்வகத்தின் சொல்லைச் சந்தை உடனே கேட்டதுதான்.

நீர்ப்பறவைகளின் குடலில் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்கள் காலங்காலமாக வாழ்ந்துவருகின்றன. எச்சத்தின் வழியே குளத்துக்கும், அங்கிருந்து பண்ணைக்கும் வந்து, கோழிகளிடையே சில வகைகள் கொல்லும் நோயாகின்றன. பறவையின் உடலில் வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்களைப் போன்றவை நம் மூக்கிலும் தொண்டையிலும் அதிகம் இல்லை. அதனால்தான் அது மனிதருக்கு எளிதில் தொற்றுவதில்லை. ஆனால் நுரையீரலின் ஆழத்தில் அத்தகைய செல்கள் உண்டு. அங்கே போய்விட்டால் பிழைப்பது கடினம். 2003-லிருந்து உலகெங்கும் எச்5என்1 உறுதிசெய்யப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். ஏறத்தாழ பாதிப்பேர் இறந்துவிட்டார்கள்.

இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகைகள் ஒரே செல்லுக்குள் புகுந்தால், துண்டுகள் இடம்மாறிப் புதிய வகை பிறக்கலாம். 2009-இல் பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1 அப்படிப் பிறந்ததுதான். ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்த அது, ஆகஸ்டில் சென்னையில் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. கிண்டி கிங் நிறுவனத்தில் பரிசோதனைக்காகச் சளி மாதிரிகள் குவிந்தன. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக் கற்றுக்கொண்ட அந்த வைரஸ் இன்றும் நம்மோடு இருக்கிறது. எச்5என்1 இன்னும் அந்த வித்தையைக் கற்கவில்லை. ஆனால் 2024-இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே அது பரவிவிட்டது. பாலூட்டிகளுக்கிடையே பரவ அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

நம் நாட்டில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் எச்5என்1-ஐ முதலில் கண்டறிந்தார்கள். 2014-இல் குட்டநாட்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் டெல்லியில் இறந்தான். மனிதரிடையே இந்தியா கண்ட முதல் எச்5என்1 மரணம் அது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இதே நோயால் இறந்தது. வீட்டில் கறி வெட்டும்போது ஒரு பச்சைத் துண்டை வாயில் போட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. நன்றாக வேகவைத்த கறியாலும் முட்டையாலும் இந்த நோய் வராது. 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் செத்துவிடும். பச்சைக் கறியைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை உங்கள் வீட்டுச் சமையலறையில் இன்றே சொல்லுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு கொட்டகையில் காலையில் நாலு கோழி செத்துக் கிடந்தால், அதை முதலில் பார்ப்பவர் விஞ்ஞானி அல்லர். பண்ணைக்காரர், கூலித் தொழிலாளி, வாத்து மேய்ப்பவர். அவர் சொன்னால்தான் மாதிரி, நோயை உறுதிசெய்யும் போபால் ஆய்வகத்துக்குப் போகும். சொன்னால் என்ன நடக்கும்? நோய் உறுதியானதும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகள் எல்லாவற்றையும் அழிப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மா வளர்க்கும் நாட்டுக்கோழியும் போய்விடும். ஊரே அவரைத் திட்டும். மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக இழப்பீடு தருகின்றன. அது உரிய நேரத்தில் கைக்கு வந்தால்தான் அடுத்த முறை இன்னொருவர் வாய் திறப்பார். வதந்தியும் பிழைப்பைக் கெடுத்து வாயை அடைக்கிறது. நவாப்பூரில் நோய் வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் இருக்கும் நாமக்கல்லில் வீண் பயத்தால் முட்டை விலை சரிந்தது. உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும் என்ற நிலையில் எந்த ஏழையும் உண்மையைச் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தில்தான் வைரஸ் வளர்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வணிகவியல் படித்தவர்களே, நாளை நீங்கள் வங்கியிலோ காப்பீட்டிலோ அமரும்போது, அந்தப் பண்ணைக்காரரின் விண்ணப்பத்தைக் கிடப்பில் போடாதீர்கள். கணினி படித்தவர்களே, கிராமத்துக் கால்நடை மருந்தகத்திலிருந்து வரும் தகவல் அன்றைக்கே மருத்துவமனைக்கும் எட்ட வழி செய்யுங்கள். விலங்கியல் படித்தவர்களே, பள்ளிக்கரணைச் சதுப்பில் இறந்து கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாமல், கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க ஊருக்குச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் படித்துப் பத்திரிகைக்குப் போகிறவர்களே, உறுதிசெய்யாத செய்தியை ஒருபோதும் அச்சேற்றாதீர்கள். உறுதியானதை ஒருபோதும் மறைக்காதீர்கள். கோழிக்கடையில் நிற்கும் அந்தப் பையனுக்குக் கையுறையும் முகக்கவசமும், காய்ச்சல் வந்தால் கூலி வெட்டாத விடுப்பும் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் குரல் கொடுங்கள்.

கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருபவரைத் தண்டிக்காத சமூகமே நோயை முந்திக்கொள்ளும். அத்தகைய சமூகத்தை உருவாக்கும் படிப்பும் பலமும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை அச்சமின்றிப் பயன்படுத்துங்கள். நீங்கள் எல்லா நலமும் பெற்று நீடு வாழ வாழ்த்துகிறேன்.